கையால் செய்த பேஸ் கிட்டாரும் சிங்கப்பூர்க் காற்றும்

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் என் பேஸ் கிட்டாரின் கழுத்து வளைந்துவிடும். பார்த்தால் தெரியாது, வாசித்தால் தெரியும். ஏழாவது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக வரம்பின்) பக்கம் கம்பி வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும், அழுத்துவதற்கு விரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பிப்ரவரியில் மழை குறைந்து காற்று காய்ந்ததும் அதே கழுத்து நிமிர்ந்துகொள்ளும். அப்போது கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். வெட்டி, அறுத்து, இழைத்து, எண்ணெய் பூசி ஆண்டுகள் ஆன பிறகும் மரம் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. இந்த ஊரில் கையால் செய்த ஒரு கருவியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

என்னுடையது நான்கு கம்பி பேஸ். சிங்கப்பூரிலேயே, ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடியில் சிறிய அறை வைத்திருக்கும் ஒரு தமிழர் எனக்காகச் செய்து கொடுத்தார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் கூப்பிடுகிறபடியே அண்ணன் என்று எழுதுகிறேன்.

கையால் செய்த கருவி என்றால் ஒலி வேறு மாதிரி இருக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நல்ல தொழிற்சாலைக் கருவிகளின் ஒலியும் அருமையாகவே இருக்கிறது; மேடையில் எட்டடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரிவது கடினம். நான் கையால் செய்யச் சொன்னதற்குக் காரணம் என் கை. 1951இல் அமெரிக்கக் கிட்டார் உற்பத்தியாளர் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கம்பியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக, அதாவது 864 மில்லிமீட்டராக வைத்தார். உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த நீளத்தில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை ஏறத்தாழ 130 மில்லிமீட்டர். என் சுட்டுவிரலும் சுண்டுவிரலும் அவ்வளவு தூரம் சுகமாக விரியாது. இரண்டு மணி நேரக் கச்சேரி முடிந்தால் மணிக்கட்டு வலிக்கும். கடைகளில் கிடைக்கும் 30 அங்குலக் குட்டை பேஸ்களில் நான்கில் மிகத் தடித்த ஈ கம்பி தொளதொளத்துப் போகிறது. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே 32 அங்குலம். அதில் அதே நான்கு ஃப்ரெட் தூரம் 122 மில்லிமீட்டராகக் குறைகிறது. காகிதத்தில் சின்ன எண்ணாகத் தெரியும் இந்த வித்தியாசம் விரலுக்குப் பெரிது.

அளவு சொன்னவுடன் அண்ணன் பலகையை எடுத்துவிடவில்லை. மலிவான மரத்தில் கழுத்தின் முதல் ஐந்து ஃப்ரெட் நீளத்துக்கு ஒரு துண்டைச் செதுக்கிக் கையில் கொடுத்தார். "இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் தங்கச்சி. தொலைக்காட்சி பார்க்கும்போதும் போன் பேசும்போதும் பிடித்துக்கொண்டே இருங்கள். எந்த இடத்தில் உறுத்துகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள்" என்றார். கட்டைவிரல் பதியும் இடத்தில், நடுவிலிருந்து கீழ்க்கம்பி பக்கமாகச் சற்று ஒதுங்கி, ஒரு கோடு போட்டுக் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி கையில் வைத்தார். உறுத்தல் போய்விட்டது. இன்று என் கருவியின் கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டது அல்ல. தடித்த கம்பியின் பக்கம் சற்றுப் பருத்தும் மெல்லிய கம்பியின் பக்கம் இளைத்தும் இருக்கிறது. வேறு யாராவது வாங்கி வாசித்தால் விசித்திரமாக உணர்வார்கள். எனக்கு அது கை வைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடல் மஹாகனி. கழுத்து மூன்று மேப்பிள் பட்டைகளுக்கு நடுவே இரண்டு தோதகத்திப் பட்டைகளை வைத்து ஒட்டியது, விரல்பலகையும் தோதகத்தி. பட்டைகளை ஒட்டும்போது பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் ரேகை எதிரெதிராக ஓடும்படி அண்ணன் பார்த்துக்கொண்டார். ஒன்று ஒரு பக்கம் முறுக்கினால் மற்றது மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதே இல்லை, குறுக்குவாக்கில்தான் உப்பும். அந்தக் குறுக்கிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் உப்புவது, வளையங்களுக்குக் குறுக்கான திசையில் உப்புவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் வளையக் கோடுகள் நட்டுக்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையைத் தேடி வாங்குகிறார்கள். கழுத்துக்குள்ளே, திருகி வளைவைச் சரிசெய்ய உதவும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டும் அதன் இரு பக்கத்திலும் கார்பன் இழைத் தண்டுகளும் இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் டிசம்பரில் அது அசைகிறது என்றால் காற்றின் வலிமையைப் புரிந்துகொள்ளலாம்.

தோதகத்திக்கு ஒரு காகிதக் கதையும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில் 2017 ஜனவரியில் தோதகத்தியின் இனம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு எல்லை தாண்டிக் கருவிகளை விற்பவர்களும் அனுப்புபவர்களும் படாத பாடு பட்டார்கள். 2019 நவம்பர் முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முதல் பட்டியலில் இருக்கும் பிரேசில் நாட்டு வகைக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அண்ணன் பலகை வாங்கிய ரசீதின் நகல் என் கிட்டார் பெட்டியின் பையில் இருக்கிறது. இங்கே யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எந்த மரம், எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் வைத்திருப்பது கருவி வைத்திருப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்; மழையில்லாத பிற்பகலில் 60க்கு இறங்கும். கிட்டார் பராமரிப்பு பற்றி வரும் புத்தகங்களிலும் காணொளிகளிலும் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் செய்தவை. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும், காற்று எலும்பாகக் காய்ந்துவிடும், மரம் சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் வெளியே துருத்திக்கொண்டு கையைக் கீறும். ஆகவே பெட்டிக்குள் ஈரப் பஞ்சை வை, விரல்பலகைக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டே இரு என்று சொல்கிறார்கள். அந்த நாட்டுக்கு அது சரி. அதையே இங்கே செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. இங்கே காற்றே போதும் போதும் என்கிற அளவுக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் சுமார் 9 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். 80 விழுக்காட்டில் அது 16ஐ எட்டும். இதற்கு மேல் ஈரப் பஞ்சு எதற்கு?

அதற்காக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு உலர்த்திவிட வேண்டும் என்ற எதிர்ப்பக்க நம்பிக்கையையும் நான் ஏற்கவில்லை. மரத்துக்குக் கெடுதல் செய்வது ஈரத்தைவிட ஏற்ற இறக்கம். இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறை, காலையில் சன்னலைத் திறந்ததும் உள்ளே வரும் காற்று, மறுபடி இரவு ஏர்கான் என்று அன்றாடம் ஊசலாடும் படுக்கையறையைவிட, ஏர்கானே இல்லாமல் மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தின் உள்சுவர் ஓரம் ஒரு கிட்டாருக்குப் பாதுகாப்பானது. ஒரே நிலையில் இருந்தால் மரம் அந்த நிலைக்குப் பழகி உட்கார்ந்துவிடும். இந்த இடத்தில்தான் இங்கேயே செய்த கருவிக்கு ஒரு நன்மை இருக்கிறது. அண்ணனின் அறையில் ஈரமகற்றி இரவும் பகலும் ஓடி 55 விழுக்காட்டைக் காக்கிறது. கழுத்தை முரட்டாக அறுத்த பிறகு வாரக்கணக்கில் சும்மா சாய்த்து வைத்திருப்பார். உள்ளே இருக்கும் இழுவிசை தணிந்து, வளைய வேண்டியது வளைந்து முடிந்த பிறகுதான் இழைப்புளியைக் கையில் எடுப்பார். ஆகவே என் கருவி 55இல் பிறந்தது, 55இல் நேராக இருக்கிறது. வறண்ட ஊரில் செய்து கப்பலில் வந்த கருவி இங்கே இறங்கிய பிறகு ஓராண்டாவது உப்பிக்கொண்டும் புரண்டுகொண்டும் இருக்கும்.

என் வீட்டில் கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் உலர்பெட்டியின் பெரிய வகை ஒன்று இருக்கிறது. 55இல் வைத்திருக்கிறேன். அது இல்லாதவர்கள் நல்ல மூடி உள்ள கெட்டியான பெட்டியும், சிலிக்கா ஜெல் பைகளும், சிறிய ஈரப்பதமானி ஒன்றும் வைத்துக்கொண்டால் பெருமளவு சமாளிக்கலாம். நிறம் காட்டும் வகைச் சிலிக்கா ஜெல் தன் வயிறு நிறைந்ததும் நிறம் மாறும். அப்போது அடுப்பில் உலர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். துணி அலமாரியில் வைப்பதற்காகப் பேரங்காடிகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைக் கிட்டார் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய ஈரம் அடியில் உப்புக் கரைசலாகத் தேங்கும். பெட்டியைச் சாய்த்தால் அது சிந்தும்; சிந்தினால் கம்பி, திருகு, கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்அப் எல்லாவற்றையும் அரித்துவிடும்.

பனித்துளிப் பிரச்சினையையும் இதோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் 24, 25 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கும். 22 டிகிரி ஏர்கான் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு போன கருவியை லிட்டில் இந்தியாவில் தீபாவளி நேரத் திறந்தவெளி மேடையில் சட்டென்று திறந்தால், குளிர்ந்த கம்பி மேலும், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மேலும் நீர்ப்படலம் கட்டும். குளிர்பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான். ஆகவே மேடைக்குப் போனதும் நான் பெட்டியைத் திறப்பதில்லை. அரை மணி நேரம் மூடியபடியே நிழலில் வைத்துவிட்டு ஒலிபெருக்கி வேலைகளைப் பார்ப்பேன். மரமும் உலோகமும் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஒரு துளி நீர் இருக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது இதைவிட மோசம். மூடிய காரின் சூட்டில் மரப்பசையே இளகத் தொடங்கும்.

கழுத்தைச் சரிசெய்யும் வேலையைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பயந்து பயந்து பலர் இதைத் தொடுவதே இல்லை. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். (34 அங்குலத்தில் இதே கம்பிகள் 80 கிலோவை நெருங்கும், நீளம் குறைந்தால் இழுவிசை குறையும்.) அந்த இழுவைக்கு எதிராக டிரஸ் ராட் உள்ளே நின்று முட்டுக்கொடுக்கிறது. முதலில் கம்பிகளைச் சரியாகச் சுருதி சேர்த்துக்கொள்வேன். சுருதி இறங்கிய கருவியை அளப்பதில் பயனில்லை. கருவியை வாசிக்கும் நிலையில் மடியில் வைத்து, இடக்கை விரலால் முதல் ஃப்ரெட்டிலும் வலது முழங்கைக்குக் கிட்டத்தில் கடைசி ஃப்ரெட்டிலும் ஈ கம்பியை அழுத்துவேன். இப்போது கம்பியே அளவுகோல். வலக்கை விரலால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பியைத் தட்டினால் டிக் என்று ஒரு சின்ன ஒலி கேட்கும். அது கேட்காவிட்டால் கழுத்து நேராகவோ பின்னால் வளைந்தோ இருக்கிறது. ஒலி பெரிதாக, கம்பி நன்றாக இறங்கிப் போய்த் தொட்டால் முன்னால் வளைந்திருக்கிறது. மோட்டார் பட்டறையில் ஸ்பார்க் பிளக்குக்கு வைக்கும் ஃபீலர் கேஜ் தகடு 0.3 மில்லிமீட்டர் அந்த இடைவெளியில் உரசியபடி நுழைந்தால் எனக்குச் சரி.

நுழைந்து ஆடினால் டிரஸ் ராடைத் திருகும் ஆலன் கீயை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். எவ்வளவு? ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு. திருப்பும் முன் ஈ கம்பியையும் ஏ கம்பியையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, அப்படியே வைத்துவிட்டு மறுநாள் பார்ப்பேன். இரும்பு உடனே நகர்ந்துவிடும், மரம் மெதுவாகத்தான் பின்தொடரும். அவசரப்பட்டு அரைச் சுற்று திருப்புபவர் மறுநாள் எதிர்ப்பக்கம் அரைச் சுற்று திருப்ப வேண்டியிருக்கும். கீ கனமாக இருந்து திரும்ப மறுத்தால் அதோடு நிறுத்திவிட்டுச் செய்தவரிடம் கொண்டுபோக வேண்டும்; அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் தேதி, ஈரப்பதம், திருப்பிய அளவு, திருப்பிய திசை நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். ஆண்டுகளாக எழுதிவந்ததில் இப்போது டிசம்பரில் எவ்வளவு, மார்ச்சில் எவ்வளவு என்று திருப்பும் முன்பே சொல்லிவிட முடிகிறது. என் கழுத்து ஈரத்தில் முன்னால் வளைகிறது. எதிர்ப்பக்கம் வளையும் கழுத்துகளும் உண்டு. அவரவர் கருவியை அவரவர்தான் அறிய வேண்டும்.

கம்பிகளுக்கு இந்த ஊர் எதிரி. வியர்வையில் இருக்கும் உப்பும் காற்றில் இருக்கும் ஈரமும் சேர்ந்து, புதுக் கம்பியின் மணியொலியை ஒரு சில வாரங்களில் மங்கவைத்துவிடும். உருட்டுக் கம்பி சுற்றிய வகையில் சுற்றுகளின் இடுக்குகளில் வியர்வையும் தோலின் துகளும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் வரை துடைப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. நான் சில ஆண்டுகளாகத் தட்டைச் சுற்றுக் கம்பிக்கு மாறிவிட்டேன். இடுக்கே இல்லாததால் அது நீண்ட நாள் உழைக்கிறது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வகையைத்தான் போட்டிருந்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்று அவரைப் பற்றிப் பேஸ் வாசிப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பழைய தமிழ்த் திரைப்பாடல்களை வாசிக்கும்போதும் அந்த உருண்டையான, மினுக்கில்லாத ஒலிதான் பாட்டோடு சேர்ந்து உட்காருகிறது. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் ஒரு தனிக்குரலாக நடந்து போவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் காதுக்கு அந்த நடை தெளிவாகக் கேட்டால் போதும், கம்பி மின்ன வேண்டியதில்லை.

32 அங்குலத்துக்கான கம்பி இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து வரவழைக்கிறேன், அல்லது நீளக் கம்பியை வெட்டிப் போடுகிறேன். வெட்டும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெட்டப் போகும் இடத்துக்கு முன்னால் கம்பியை முதலில் செங்கோணத்தில் மடித்துவிட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் உள்ளே இருக்கும் நடுக்கம்பியின் மேல் வெளிச்சுற்று நழுவித் தளர்ந்து, அந்தக் கம்பி பிறகு ஒருபோதும் உயிரோடு ஒலிக்காது.

எண்ணெய் விஷயத்தில் நான் கறாரானவள். என் கருவிக்கு வார்னிஷ் இல்லை; உடலுக்கும் கழுத்துக்கும் டங் எண்ணெய் பல பூச்சு கொடுத்து அண்ணன் தேய்த்திருக்கிறார். உள்ளங்கை மரத்தையே தொடுகிறது என்பது அதன் சுகம். ஆனால் எண்ணெய்ப் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. ஆண்டுக்கு ஒரு முறை மெல்லிய உப்புத்தாளால் லேசாக வருடி, துணியில் சில துளி எண்ணெய் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுகிறேன். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அது சூடாகித் தானே தீப்பிடிக்கலாம். விரித்துப் போட்டு உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து எறிய வேண்டும். விரல்பலகைக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு துளி போதும். கடையில் எலுமிச்சை மணத்தோடு விற்கும் எண்ணெய்களில் பெரும்பகுதி கனிம எண்ணெய்தான். அதை மாதம் ஒரு முறை ஊற்றினால் இந்த ஈர ஊரில் ஃப்ரெட்டுக்கு அடியில் அழுக்கும் பிசுக்கும் சேர்வதுதான் மிச்சம்.

மின்பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. சிங்கப்பூரின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98. ஆக, காப்பு சரியில்லாத கருவியில் எழும் ம்ம்ம் என்ற மின்னிரைச்சல், 50லும் அதன் இரட்டிப்பான 100லும், நம் ஜி சுரத்தின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டே வருகிறது. ஜியை நீளமாகப் பிடித்தால் இரண்டும் மோதி, ஒலி மெதுவாக ஏறி இறங்குவது நன்றாகக் கேட்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அது வேறு சுரத்தின் பக்கம் விழுகிறது. இதை ஒரு முறை காதால் கேட்டுவிட்டால் கிட்டாருக்குள் செப்புத்தாள் ஒட்டுவது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் மின்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செப்புப் பட்டை, ஈயம், தொடுமுனை துடைக்கும் தெளிப்பான் எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். பிக்அப் குழியின் சுவர், அடி, மூடியின் உட்புறம் மூன்றையும் செப்புத்தாளால் போர்த்தி, துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரால் சோதித்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் நிலத்தொடர்போடு இணைக்க வேண்டும். பிரிட்ஜுக்குப் போகும் ஒற்றைக் கம்பி அறுந்திருந்தால் மட்டும் எவ்வளவு தாள் ஒட்டினாலும் இரைச்சல் போகாது; கம்பிகளில் கை வைத்தாலும் இரைச்சல் குறையவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கருவிக்குள் ஒலிக்குறிப்பைப் பெருக்கும் ப்ரீஆம்ப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. கேபிள் செருகியிருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். பேட்டரிக் கசிவுக்கு ஈரம் துணைபோகும்; பல மாதம் வாசிக்காமல் வைப்பதானால் கழற்றி வையுங்கள்.

வீட்டில் வாசிப்பது பற்றி ஒரு வார்த்தை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கீழ்ச்சுரம் சுவரை மதிக்காது. திறந்த ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளமானது. எங்கள் கூடமே அவ்வளவு நீளம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வார்த்தை கேட்காது, சுரம் கேட்காது, தட்டு அதிர்வதுதான் கேட்கும். ஹெட்ஃபோனில்தான் பயிற்சி செய்கிறேன். குழுவோடு ஒத்திகைக்கு வாடகை ஸ்டுடியோவுக்கு எம்ஆர்டி ரயிலில் போகிறோம். கருவியை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் இடிப்பதில்லை, சுருதிக் குமிழும் தப்பிக்கிறது.

ஃப்ரெட்டுகள் தேய்ந்தால் அண்ணனிடம்தான் போவேன். அதை நானே செய்வதில்லை. நேர்க்கோலை வைத்து எல்லா ஃப்ரெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு அராவி, பிறகு ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி உருண்டையாக்கும் வேலை அது. ஒரு ஃப்ரெட்டின் உச்சி தட்டையாக இருந்தால் சுரம் பிறக்கும் இடம் நகர்ந்து, கருவி எந்த டியூனருக்கும் அடங்காமல் போகும். கடந்த முறை அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மார்க்கர் பேனாவால் ஃப்ரெட்டுகளின் உச்சியில் கறுப்பு பூசினார், அராவினார், கறுப்பு எங்கே அழியாமல் இருக்கிறது என்று பார்த்தார். மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்டுகளில் பள்ளம் இருந்தது. "ஜி, ஏ, பி. நீங்கள் என்ன பாட்டு வாசிக்கிறீர்கள் என்று இதைப் பார்த்தே சொல்லலாம் தங்கச்சி" என்றார்.

அவர் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டவில்லை. மரத்துக்குள் பித்தளை மரைகளைப் பதித்து, இயந்திரத் திருகுகளால் இறுக்கியிருக்கிறார். மரத்திருகு பத்து முறை கழற்றி மாட்டினால் துளை தேய்ந்துவிடும். பித்தளை மரை தேயாது. கழுத்தைத் திருகில் மாட்டும் முறையை ஃபெண்டர் தன் கருவிகளில் கையாண்டதே, கெட்டால் கழற்றி மாற்றலாம் என்ற எண்ணத்தில்தான். தொழிற்சாலைக் கருவிக்கு மாற்றுக் கழுத்து கடையில் கிடைக்கும். எனக்கு உலகில் எங்கும் கிடைக்காது. ஆகவே என் கருவியில் எல்லாமே கழற்றக் கூடியதாக, திருத்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்று அவர் முதலிலேயே தீர்மானித்துவிட்டார். அவரிடம் நான் வாங்கியதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்தத் தீர்மானம்தான்.

கையால் செய்யச் சொல்லலாமா என்று என்னைக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: உங்கள் கைக்கோ தோளுக்கோ கடைக் கருவி பொருந்தவில்லை என்றால் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். ஒலிக்காக மட்டும் என்றால் முதலில் நல்ல கடைக் கருவியை ஒரு தேர்ந்த கையிடம் கொடுத்துச் சீர்செய்து பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம். செய்யச் சொல்லும்போது விலைக்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். மரம் எத்தனை காலம் அவரிடம் இருந்தது, அவர் அறையின் ஈரப்பதம் என்ன, டிரஸ் ராடை எந்த அளவு கீயால், எந்தப் பக்கத்திலிருந்து திருப்ப வேண்டும்? மின்சுற்றின் வரைபடத்தையும் திருகுகளின் அளவையும் கழுத்தின் அச்சுப் பலகையின் நகலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்தவர் எப்போதும் கூப்பிடும் தூரத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. உடலுக்கு அறுத்த அதே பலகையின் மீதித் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். என்றாவது ஒரு மூலை உடைந்தால் அதே நிறத்தில், அதே ரேகையில் ஒட்டுப்போட வேறு மரம் கிடைக்காது.